புதுப்பிப்பு: சின்ன காருக்கு நானே செய்த கோல்டு ஏர் இன்டேக்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. டிராஃபிக்கில் பத்து நிமிடம் நின்றாலே பிக்கப் செத்துப்போகிறது, இன்ஜினுக்குக் குளிர்ந்த வெளிக்காற்றைக் கொண்டுபோக பிவிசி குழாயில் நான் செய்த இன்டேக்தான் காரணமா என்று கேட்டிருந்தேன்.

அதேதான். ஃபில்டரின் வாய் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்ததால் சூடான காற்றையே இழுத்திருக்கிறது. வாயை ஹெட்லைட் பக்கம் திருப்பி, நடுவில் அலுமினியத் தகடு வைத்து மறைக்கச் சொன்னாரே ஒருவர், அதுதான் பலன் கொடுத்தது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நிற்கும்போது ஓபிடி ஸ்கேனரில் (காரின் கம்ப்யூட்டரில் செருகி அளவுகளைப் படிக்கும் கருவி) 64 டிகிரி காட்டிய, இன்ஜினுக்குள் போகும் காற்று, இப்போது 47ஐத் தாண்டுவதில்லை.

எதிர்பாராதது தூசி. குழாயைக் கழற்றிப் பார்த்தால், ஃபில்டருக்கு அப்புறம் வரும் இணைப்பின் உட்பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு, தொட்டால் நறநறவென்று இருந்தது. சூட்டில் பிவிசி இளகி, இணைப்பை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் லூசாகி, வடிகட்டாத காற்று அந்த வழியாகவே இன்ஜினுக்குள் போயிருக்கிறது. இதைக் கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிடும், தயவுசெய்து எல்லோரும் பாருங்கள். அந்தத் துண்டை எடுத்துவிட்டு வளைந்த ரப்பர் குழாய் போட்டேன், சரியாகிவிட்டது.

ஃபில்டரின் வாயை பம்பருக்குக் கீழே இறக்கச் சொன்னதை மட்டும் செய்யவில்லை. ஐப்பசி மழைக்கு எங்கள் கொருக்குப்பேட்டை தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும், ஒரு தடவை இன்ஜின் தண்ணீரை உறிஞ்சினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

மைலேஜில் மாற்றம் இல்லை.