சிலையை முதலில் காட்டுவதா, பெயரை முதலில் சொல்வதா?

மாக்கல் எழுதியது:
பண்டை நாகரிகங்களின் கலையைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது நாம் செய்யும் முதல் தவறு, பொருளைக் காட்டுவதற்கு முன்பே அதன் பெயரைச் சொல்லிவிடுவதுதான் என்று கருதுகிறேன். மொகஞ்சதாரோவில் 1926ஆம் ஆண்டு கிடைத்த வெண்கலப் பெண் உருவத்தின் படத்தை, அதன் உண்மையான உயரமான 10.5 செ.மீ. அளவிலேயே அச்சிட்டு, பெயர் எதுவும் சொல்லாமல் வகுப்பில் கொடுத்தேன். அரைச் சாண் அளவுகூட இல்லாத அந்த உருவத்தைக் கண்ணருகே வைத்துக்கொண்டு மாணவர்கள் நெடுநேரம் பார்த்தார்கள். இடக்கை தோள்வரை வளையல்களால் நிறைந்திருக்க, இடுப்பில் ஊன்றிய வலக்கையில் நான்கே வளையல்கள் இருப்பதைக் கண்ட ஒரு மாணவி, "வேலை செய்யும் கை வலக்கை, அதனால்தான் அதில் குறைவாகப் போட்டிருக்கிறாள்" என்றாள். யாரையோ காக்க வைத்ததற்காகக் கோபித்துக்கொண்டு நிற்பதாக இன்னொருவன் சொன்னான். அதன் பிறகு "இதற்கு நடன மாது என்று பெயர்" என்று சொன்னேன்; அத்துடன் பேச்சு நின்றுவிட்டது. அதுவரை நின்றுகொண்டிருந்தவள் அந்த நொடி முதல் அனைவருக்கும் ஆடுபவளாகிவிட்டாள். அவள் ஆடினாள் என்பதற்குச் சான்று எதுவும் கிடையாது. அந்தப் பெயர், அகழ்ந்தவர்கள் நிற்கும் பாங்கைப் பார்த்துச் செய்த ஊகத்திலிருந்து வந்தது. ஆகவே பெயரையும் விளக்கத்தையும் இறுதியில் சொல்வதே முறை என்பது என் கட்சி.

காலக்கோடு எழுதியது:
தங்கள் வகுப்பில் நடந்தது அழகான நிகழ்வு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு பொதுமுறையை வகுப்பதை ஏற்க இயலாது. ஒன்றும் அறியாத கண் வெறுமையாக இருப்பதில்லை. இன்றைய பழக்கங்கள் அதில் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. எகிப்தியக் கல்லறை ஓவியம் ஒன்றை விளக்கமின்றிக் காட்டிப் பாருங்கள். முகம் பக்கவாட்டில் இருக்க, கண்ணும் தோள்களும் நேராகத் திரும்பியிருப்பதைக் கண்டு, "இவர்களுக்குச் சரியாக வரையத் தெரியவில்லை" என்றுதான் வகுப்பில் பாதிப்பேர் சொல்வார்கள். உண்மையில் அது கடுமையான ஒழுங்கு. நிற்கும் மனித உருவத்தை உள்ளங்காலிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம்வரை பதினெட்டுக் கட்டங்களாகப் பிரித்து, எந்த உறுப்பு எந்தக் கட்டத்தில் வரவேண்டும் என்று வகுத்துக்கொண்டு வரைந்தார்கள். முடிக்கப்படாத சில கல்லறைச் சுவர்களில் அந்தச் சிவப்புக் கோடுகள் இன்றும் தெரிகின்றன. ஒவ்வோர் உறுப்பையும் அது முழுமையாகத் தெரியும் கோணத்தில் காட்டுவதே அவர்களின் நோக்கம் என்பதை அறிந்த பிறகு பார்ப்பவனுக்குத்தான் அந்த ஓவியம் திறக்கும். தவறான முதல் எண்ணத்தை வேரூன்ற விட்டுவிட்டுப் பிறகு பிடுங்குவது இரட்டை வேலை. நான்கு நாகரிகங்களை ஐந்தாறு பாடவேளைகளில் நடத்த வேண்டியிருக்கும் ஆசிரியருக்கு அதற்கு நேரமும் இல்லை.

உருளைமுத்திரை எழுதியது:
இருவரும் பார்ப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். செய்வதைப் பற்றியும் ஒரு சொல். அட்டைப் பிரமிடு ஒட்டும் வேலையை நான் சொல்லவில்லை; அதில் மாணவர்கள் கற்பது பசை காய எவ்வளவு நேரமாகும் என்பதை மட்டுமே. மெசொப்பொத்தேமியாவின் (இன்றைய ஈராக்) உருளை முத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுண்ணக்கட்டியின் மேல் ஊசியால் உருவம் கீறி, ஈரக் களிமண்ணில் உருட்டச் சொன்னால், முதல் முறை எல்லாருக்கும் வலம் இடமாக மாறிவிடும். ஒரு விரலளவுக் கல்லில் சிங்கத்தையும் வீரனையும் இடவலம் மாற்றிச் செதுக்கியவனின் திறமை அப்போது எந்த விளக்கமும் இல்லாமலே கைக்குப் புரிகிறது.

மாக்கல் எழுதியது:
எகிப்து பற்றிக் காலக்கோடு ஐயா சொன்னதில் ஒரு பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஓர் ஓவியத்தைக் காட்டினால் அப்படித்தான் நடக்கும். ஆனால் வெவ்வேறு காலத்துப் பத்து ஓவியங்களை ஒன்றன் அருகில் ஒன்றாகப் பரப்பி வைத்தால், பத்துப் பேரும் ஒரே பிழையைச் செய்திருக்க முடியாது, ஆகவே இது விதி என்ற முடிவுக்கு மாணவர்கள் தாமே வந்துவிடுவார்கள். பதினெட்டுக் கட்டங்களை அதன் பிறகு சொன்னால் அது அவர்களுடைய கேள்விக்கு விடையாக அமையும்.

இன்னொரு சான்று தருகிறேன். மெசொப்பொத்தேமியாவில் 'ஊர்' (Ur) என்று பெயர்கொண்ட நகரத்து அரச கல்லறைகளில் அகழ்வாய்வாளர் லியோனார்டு வூலி 1920களில் கண்டெடுத்த, ஏறத்தாழ கி.மு. 2500ஐச் சேர்ந்த சிறு பேழையில், சிப்பியும் சிவப்புக் கல்லும் லாபிஸ் லசூலி என்னும் நீலக்கல்லும் நிலக்கீலால் ஒட்டப்பட்டிருந்தன. மரம் மக்கிப்போய்ச் சிதறிக் கிடந்த அவற்றை மீண்டும் பொருத்தியெடுத்தார்கள். அதன் ஒரு பக்கத்தின் கீழ் வரிசையில் நான்கு சக்கர வண்டிகள் செல்கின்றன. இடக்கோடியில் விலங்குகள் நடக்கின்றன. வலப்புறம் செல்லச் செல்ல வேகம் கூடி ஓட்டமாகிறது. காலடியில் எதிரிகள் விழுந்து கிடக்கிறார்கள். மேல் வரிசையில் அரசனின் தலை ஓவியத்தின் எல்லைக் கோட்டையே மீறி நிற்கிறது. இவற்றில் எதைக் காண்பதற்கும் ஆண்டோ, அரச மரபோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. வூலி அதைக் கம்பத்தில் ஏந்திச் செல்லும் கொடிச்சின்னம் என்று ஊகித்ததால் "ஊர் நகரக் கொடிச்சின்னம்" என்ற பெயர் நிலைத்துவிட்டது. இசைக்கருவியின் ஒலிப்பெட்டியாக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. பெயரை முதலில் கேட்ட மாணவன் அதைக் கொடியாகவே பார்ப்பான்.

காலக்கோடு எழுதியது:
தாங்கள் எடுத்த சான்றையே நானும் எடுத்துக்கொள்கிறேன். அந்த நீலக்கல் எங்கிருந்து வந்தது? மெசொப்பொத்தேமியச் சமவெளியில் அப்படி ஒரு கல்லே கிடையாது. இன்றைய ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைப் பகுதியிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேலான தொலைவைக் கடந்து வந்தது. அதே ஊர் நகரக் கல்லறைகளில் சிந்துவெளிக் கைவினைஞர் துளையிட்ட நீண்ட சூதுபவள (செந்நிற மணிக்கல்) மணிகளும் கிடைத்திருக்கின்றன. தங்கள் வெண்கலப் பெண்ணின் நாட்டுக்கும் அந்தப் பேழையின் நாட்டுக்கும் இடையே சரக்கு போய்வந்தது என்ற பெரிய செய்தியை, எத்தனை நாழிகை உற்றுப் பார்த்தாலும் படம் சொல்லாது. நிலப்படமும் காலவரிசையும்தான் சொல்லும். அவை முன்கூட்டியே சுவரில் இல்லையென்றால், மாணவனுக்கு இவை தனித்தனி விந்தைப் பொருள்களாகவே நின்றுவிடும். தேர்வு என்று ஒன்று இருப்பதையும் மறந்துவிட வேண்டாம். "நடன மாது சிலை எங்குக் கிடைத்தது?" என்றுதான் வினாத்தாள் கேட்கிறது.

உருளைமுத்திரை எழுதியது:
வினாத்தாளுக்குப் பெயரும் இடமும் வேண்டும் என்றால், அதற்கு இரண்டு நிமிடம் போதும். எனக்குள்ள அச்சம் வேறு. பெயரை ஒளித்து வைக்கும் வகுப்பில் எந்த ஊகமும் சரி என்ற நிலை வந்துவிடக் கூடாது. சிந்துவெளி எழுத்து இன்னும் படிக்கப்படாததால், முத்திரையைக் கண்டவுடன் மாணவர்கள் மட்டுமல்ல, பெரியவர்களும் மனம்போனபடி படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். "பூசாரி அரசன்" எனப்படும் 17.5 செ.மீ. மாக்கல் சிலையையே பாருங்கள். நெற்றிப் பட்டையும், மூவிதழ்க் கோலமிட்ட மேலாடையும், பாதி மூடிய கண்களும் நம் கண்முன் இருக்கின்றன. பூசாரி என்பதும் அரசன் என்பதும் பிறர் சேர்த்தவை. கண்டதற்கும் ஊகித்ததற்கும் இடையிலான அந்த எல்லைக்கோட்டை மாணவன் தன் நோட்டில் தானே போடப் பழக வேண்டும்.

மாக்கல் எழுதியது:
அந்த எல்லைக்கோட்டைப் போட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த மாணவி வலக்கை பற்றிச் சொன்னதும் ஊகமே என்று நான் அன்று எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். நிலப்படத்தையும் நான் எதிர்க்கவில்லை, ஐயா. நீலக்கல்லைக் கண்டு "இது இந்த ஊர்க் கல்லா?" என்று மாணவன் கேட்டபின் அதை விரிக்கலாம் என்கிறேன்.

காலக்கோடு எழுதியது:
கேட்காவிட்டால் என்ன செய்வீர்கள்? முப்பது பேரில் ஒருவரும் கேட்காத நாளும் உண்டு. முப்பது ஆண்டு வகுப்பில் நின்றவன் சொல்கிறேன். இருந்தாலும் ஒருமுறை செய்து பார்த்துவிடுகிறேன். அடுத்த வாரம் எகிப்துப் பாடம். ஏறத்தாழ கி.மு. 3100ஐச் சேர்ந்த, எகிப்திய அரசன் நார்மரைக் காட்டும் நார்மர் கற்பலகையை, சுவரில் நிலப்படமும் காலக்கோடும் தொங்க, பெயரை மட்டும் சொல்லாமல் காட்டுகிறேன். பகைவனை அடிக்கக் கை ஓங்கியிருக்கும் பெரிய உருவத்தை எல்லாரும் பார்ப்பார்கள். அவனுக்குப் பின்னால் அவனுடைய செருப்புகளைக் கையில் ஏந்தி நிற்கும் சிறிய மனிதனை எத்தனை பேர் பார்க்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் அரசன் ஏன் வெறுங்காலுடன் நிற்கிறான் என்று கேட்கிறார்கள் என்பதை எண்ணி இங்கே எழுதுகிறேன்.