புதுப்பிப்பு: வியாழனின் பட்டைகள் கிடைத்துவிட்டன!

தொலைநோக்கியில் கைபேசியை வைத்து எடுத்தால் வியாழன் வெறும் வெள்ளைப் பொட்டாக வருகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். வெளிச்சத்தைக் குறைத்து, காணொளியாக எடுக்கச் சொன்னீர்கள். 90 விநாடி எடுத்தேன், மொத்தம் 2700 பிரேம்கள். தெளிவான 500-ஐ மட்டும் ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கினேன். இரண்டு மண்ணிறப் பட்டைகளும் வடிவாகத் தெரிகின்றன! (வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழன்றுவிடும், காணொளியை நீட்டினால் விவரம் கலங்கிவிடும்.)

ஆனால் பெரிய மாற்றம் இடத்தால்தான் வந்தது. பகல் முழுக்க யாழ்ப்பாண வெயில் குடித்த சீமெந்து மாடி இரவிலும் சூடு கக்கும். அந்தச் சூடான காற்றினூடாகப் பார்த்தால் கோள் கொதிநீருக்குள் கிடப்பதுபோல் ஆடும். தொலைநோக்கியை முற்றத்து மணலுக்கு இறக்கி, அரை மணி நேரம் ஆறவிட்டேன். ஆட்டம் நன்றாகக் குறைந்தது.

சனி இன்னும் சரிவரவில்லை. அடுத்து அதைத்தான் பிடிக்கப் போகிறேன்.