ஆடி 18 கூத்துக்கு ஓர் ஆர்மோனியம் இரவல் வேண்டும்

வணக்கமுங்க. பவானியிலிருந்து எழுதுகிறேன். மேட்டூர் அணை 120 அடியும் நிரம்பி உபரி நீரைத் திறந்துவிட்டதில், காவிரிக் கரையோரம் நாங்கள் கூத்துச் சாமான் வைத்திருந்த வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறிவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவே பெரிய நிம்மதி.

ஆடிப்பெருக்கு ராத்திரி கூத்தை நிறுத்த எங்களுக்கு மனசில்லை. மேட்டுப்பக்கம் ஜமுக்காளத் தறி வைத்திருக்கும் ஒருவர் தன் வாசலைக் கொடுத்துவிட்டார். இடம் ஆச்சு.

சாமான்தான் கவலை. கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கைக் கட்டையில் செய்தவை. ஊறியதில் பசை விட்டு, கண்ணாடிச் சில்லெல்லாம் உதிர்ந்துவிட்டது. நேற்று எங்கள் மூத்த வேஷக்காரர் வண்டலைக் கையால் அலசி, ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கிச் சொம்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார். பார்க்கவே நெஞ்சு அடைத்தது. மிருதங்கத்தை வெயிலில் போட்டால் தோல் வெடித்துவிடும் என்று நிழலில் வைத்திருக்கிறோம். 18க்குள் காய்ந்து சுருதி நிற்குமா என்பது சந்தேகம்தான். ஆர்மோனியத்தில் துருத்தி ஒட்டு விட்டுவிட்டது, ரீடுக்குள் எல்லாம் சேறு.

ஈரோடு, கோபி, அந்தியூர், குமாரபாளையம் பக்கம் யாரிடமாவது ஆர்மோனியமும் மிருதங்கமும் இருந்தால் 2 நாளைக்கு இரவல் கொடுங்கள். ஒரு சின்ன ஜெனரேட்டரும் வேண்டும். டெம்போ எடுத்து நாங்களே வந்து வாங்கி, நாங்களே திருப்பிக் கொண்டுவந்து தருகிறோம். அப்புறம், கண்ணாடிச் சில்லு ஒட்டப் பொறுமையுள்ள கைகள் நாலைந்து இருந்தால் சாயங்காலம் வாங்க. சாப்பாடு எங்களோடு. இங்கேயே பதில் போடுங்கள், உடனே அழைக்கிறேன்.