நீர் ஒட்டாத ஸ்ப்ரே: கருவிகளுக்கு நிஜமாகவே உதவுகிறதா?

ஸ்பேனர்செட்:
போன வாரம் பூட்ஸ், டூல் பேக், மழைக்கோட்டு, ட்ரில் மெஷின் என்று கைக்குக் கிடைத்த எல்லாவற்றுக்கும் நீர் விலக்கும் ஸ்ப்ரே அடித்துவிட்டேன். தண்ணீர் தாமரை இலையில் உருள்வது மாதிரி ஓடுகிறது. இனி மழையில் வேலை செய்யக் கவலையே இல்லை, எல்லோரும் அடியுங்கள்.

பழையபூட்ஸ்:
முதல் நாள் எல்லோருக்கும் அப்படித்தான் உருளும் தம்பி, முப்பதாம் நாள் வந்து சொல்லுங்கள். தாமரை இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் அதன் மேல் மெழுகும் இருக்கின்றன, மெழுகு தேய்ந்தால் இலை உயிரோடு இருக்கும்வரை திரும்ப ஊறிவரும். உங்கள் பூட்ஸுக்கு யார் ஊறவைப்பது? அப்படி முத்து முத்தாக உருளவைக்கும் பூச்சுகளின் மேடுகள் மிக நுண்ணியவை, ஜல்லியில் நாலு முறை உரசினாலே போய்விடும். இரும்புக் கருவிக்கு நான் இன்னும் எண்ணெய்த் துணிதான்.

ஸ்பேனர்செட்:
ஒருமுறை அடித்தால் ஆயுளுக்கும் நிற்கும் என்று நான் எங்கே சொன்னேன் அண்ணே? மழைக்கோட்டில் உருளவில்லை என்றால் பாதி நேரம் பூச்சு போயிருக்காது, அழுக்கும் எண்ணெயும் சோப்பு மிச்சமும் மேலே படிந்து தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். நன்றாக அலசி, துணி லேபிள் அனுமதிக்கும் சூட்டில் காயவைத்தால் சில பூச்சுகள் திரும்ப வேலை செய்யும். என் பழைய கோட்டில் பார்த்திருக்கிறேன்.

பழையபூட்ஸ்:
துணிக்குச் சரி. அந்தச் சூட்டைத் தோல் பூட்ஸில் காட்டிவிடாதீர்கள், வெடித்துப் போகும்.

மின்னல்கை:
ட்ரில் மெஷினுக்கு அடித்ததுதான் எனக்குப் புரியவில்லை. தண்ணீர் உள்ளே போவது காற்றுத் துளை, ஸ்விட்ச், பேட்டரி சேரும் இடம் வழியாக. வெளி உடம்பில் துளி உருண்டால் அது நேராக அந்த ஓட்டைக்குள்தான் உருளும்! குளிர்ந்த மெஷினைச் சூடான ஈரக் காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுவந்தால் உள்ளேயே வியர்க்கும், அதை எந்த ஸ்ப்ரேயும் தடுக்காது. ஐபி 67 என்று (தூசியும் தண்ணீரும் புகாத அளவைச் சொல்லும் குறி) போட்ட சாதனம் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்குவது ரப்பர் வளையத்தாலும் மூடிய கூட்டாலும். தண்ணீரை விலக்குவது வேறு, தடுப்பது வேறு. மின்சார வேலைக்கான ரப்பர் கையுறைப் பக்கம் அந்த டப்பாவைக் கொண்டே போகாதீர்கள், ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் ரப்பரைக் கெடுத்தால் வெளியே தெரியாது, போவது உயிர்.

பொறி:
இன்னும் ஒன்று யாரும் சொல்லவில்லை. நான் வெல்டிங். தீத்தடுப்பு ஓவராலில் இந்த ஸ்ப்ரேயோ மெழுகோ பூசினால் அந்தப் பூச்சே எரிய ஆரம்பிக்கும், அப்புறம் தீத்தடுப்புத் துணி போட்டு என்ன பயன்? உடுப்பைச் செய்தவர் சொன்ன பூச்சு தவிர வேறு எதுவும் வேண்டாம். அப்புறம் சிலிகான் ஸ்ப்ரேயைப் பெயின்ட் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அடிக்காதீர்கள். காற்றில் பறந்து தகட்டில் படிந்தாலே பெயின்ட் குழி குழியாக விலகி நிற்கும். ஒருமுறை பக்கத்தில் யாரோ பூட்ஸுக்கு அடித்ததால் ஒரு நாள் முழுக்கச் சுரண்டித் திரும்ப அடித்தேன்.

ஸ்பேனர்செட்:
சரி, ட்ரில்லை ஒப்புக்கொள்கிறேன், இன்று துடைத்துவிடுகிறேன். ஆனால் சிலிகான் ஸ்ப்ரேயும் மெழுகும் எண்ணெயை விலக்குவதில்லை, கிரீஸில் வேலை செய்பவனுக்கு ஃப்ளோரின் சேர்ந்த ஸ்ப்ரே வகைதானே உருப்படி?

மின்னல்கை:
எண்ணெய் விஷயத்தில் அது உண்மை. ஆனால் அந்தக் குடும்பத்துப் பொருள்கள் மண்ணிலும் நீரிலும் லேசில் அழியாதவை. அதில் ஒன்றான பிஎஃப்ஓஏ என்ற வேதிப்பொருளை 2019-இல், லேசில் அழியாத நச்சுப் பொருள்களுக்கான உலக ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். ஸ்ப்ரே புகை மூச்சில் போய் நுரையீரல் பாதித்தவர்களும் உண்டு. எந்த இடத்தில் அடித்தீர்கள்?

ஸ்பேனர்செட்:
ஸ்டோர் ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு. தூசி ஒட்டக்கூடாது என்று.

பழையபூட்ஸ்:
முதலில் கதவைத் திறங்கள் தம்பி, மீதியைப் பிறகு பேசலாம்.

ஸ்பேனர்செட்:
திறந்தாயிற்று. டூல் பேக்குக்கு மட்டும் அடுத்த மாதமும் அடிப்பேன், அதுவும் வெளியில் வைத்து. போன மழையில் உள்ளே இருந்த அளவு நாடா துளிகூட நனையவில்லை, அதற்கு உங்கள் எண்ணெய்த் துணி என்ன செய்யும் அண்ணே?