மேட் கருப்பு ஒட்டுனா ஸ்பீடு கன்ல சிக்காதாமா?

சூலூர் பெயிண்ட் பூத்:
ஒரு ஸ்டிக்கர் கடைக்காரரு பேசின ஆடியோ வாட்சப்ல சுத்துதுங்க. "மேட் பிளாக் ராப் (வண்டி மேல ஒட்டற பிளாஸ்டிக் ஷீட்டு) ஒட்டுங்க, நீலாம்பூர் பைபாஸ்ல ரேடார் உங்களைத் தொடவே தொடாது"ங்கறாரு. என்ன கெரகமுங்க இது? போலீஸ் வேகம் அளக்கற ரேடார் கன்னோட அலை 24.15 கிகாஹெர்ட்ஸ், நீளம் 12 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. ப்ரைமர், பேஸ், கிளியர் எல்லாத்தையும் ஒட்டுக்கா அளந்தாலும் 120 மைக்ரான்தான் தேறும், ஒரு மில்லியில எட்டுல ஒரு பங்கு. அந்தப் பூச்சு இருக்கறதே அலைக்குத் தெரியாது. திருப்பி அனுப்பறது அடியில இருக்கற தகரம். தகரத்துக்கு ஏதுங்க கலரு?

காங்கேயம் கருப்பன்:
அப்ப எஃப்-117 விமானத்துக்கு ஏனுங்ணா கருப்பு அடிச்சான்? அமெரிக்காக்காரன் என்ன வெவரங்கெட்டவனா?

சூலூர் பெயிண்ட் பூத்:
ராத்திரியில பறக்கறதுக்குக் கருப்பு தம்பி. ரேடார்ல தப்பிக்கறது பட்டை பட்டையா வெட்டுன வடிவத்தாலயும், மேல பூசின அலை உறிஞ்சற பொருளாலயும். உங்க வண்டி மூஞ்சி செவுரு கணக்கா நிக்குது. பம்பர் பிளாஸ்டிக்கைத் தாண்டிப் போற அலை உள்ள ஏ.சி. கண்டன்சர், ரேடியேட்டர்ல பட்டுத் திரும்பும். மணிக்கு நூறு கிலோமீட்டர்ல போனா திரும்பி வர்ற அலையோட அதிர்வெண் 4,470 ஹெர்ட்ஸ் சுமாரு மாறும், அந்த மாற்றத்தை வெச்சுத்தான் கன்னு வேகத்தைச் சொல்லுது, வெள்ளையானாலும் கருப்பானாலும் அதேதான்.

காங்கேயம் கருப்பன்:
இப்ப லேசர் கன்னுங்ணா. கருப்பு வெளிச்சத்தை முழுங்கும், எட்டாங்கிளாஸ் பாடம்.

சூலூர் பெயிண்ட் பூத்:
ரேடார்னு ஆரம்பிச்சு லேசர்ல வந்து நிக்கறீங்க. சரி, அங்கயே வாங்க. அது 905 நானோமீட்டர் அகச்சிவப்பு. கருப்புப் பெயிண்டுல இருக்கற கரித்தூள், அந்தக் கார்பன் பிளாக், முழுங்கட்டும். 300 மீட்டர்ல அந்த ஒளிக்கற்றை ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் அகலம்தான். அதை நம்பர் பிளேட்டுக்குத்தான் குறி வெப்பாங்க. 2019 ஏப்ரல் 1-க்கப்புறம் வந்த புது வண்டி எல்லாத்துலயும் உயர் பாதுகாப்பு பிளேட்டு. அது மேல ஒட்டியிருக்கற ஷீட்டு வெளிச்சத்தை வந்த வழியாவே திருப்பி விடும். கன்னுக்கு அரை செகண்டு கூட வேண்டாம். பிளேட்டுக்கும் மேட் கருப்பு அடிக்கறீங்களா?

காங்கேயம் கருப்பன்:
குறி தப்பி பானட் மேல விழுந்தா?

சூலூர் பெயிண்ட் பூத்:
பானட்னா மேட்டுக்கு இன்னும் மோசம். பளபளன்னு சாஞ்ச பானட் கண்ணாடி மாதிரி, ஒளியை வேற பக்கம் தள்ளி விட்டுரும். மேட்டு நாலா பக்கமும் சிதறடிக்கும். அதுல ஒரு பங்கு கன்னுக்கே திரும்பும். காசு குடுத்து வம்பை வாங்கறீங்க. அப்புறம், பிளேட்டுக்குப் பதில் வரலீங்களே?

பெருந்துறை டீசல்:
ஒரு நிமிசமுங்க. முன்னாடி பம்பருக்குள்ள ரேடார் சென்சார் இருக்கற வண்டிக்கு மெட்டாலிக் சில்வர் கனமா அடிச்சா சென்சார் மக்கர் பண்ணும். அலுமினியத் துகள் அலையைத் தடுக்குது. அப்ப பெயிண்டுக்கும் ரேடாருக்கும் சம்பந்தமே இல்லைன்னு எப்படிங்க சொல்றீங்க?

சூலூர் பெயிண்ட் பூத்:
அது 77 கிகாஹெர்ட்ஸ், அலை 4 மில்லிகூட இல்ல. அங்க அலை பெயிண்டைத் துளைச்சு வெளிய போய்த் திரும்பி வரோணும், அதனாலதான் டச்சப் மேல டச்சப் அடிச்சா சிக்கல். இங்க திரும்பி வந்தாப் போதும். அலுமினியத் துகள் அலையைத் திருப்பத்தான் செய்யும், போலீசுக்கு ஒத்தாசை. போன செராமிக் கோட்டிங் சண்டையிலயும் இப்படித்தான் பாதியில பூந்தீங்க.

பெருந்துறை டீசல்:
அந்தச் சண்டையில தோத்தது யாருன்னு எல்லாத்துக்கும் தெரியுமுங்க.

ஈரோட்டு மஞ்சள்:
கன்னு கெடக்குட்டும். மேட்டுல போர்த் தண்ணி ஊத்திக் கழுவி வெயில்ல காயவிட்டா சுண்ணாம்புப் புள்ளி உழுகும். பளபளப்புப் பெயிண்டுன்னா பாலிஷ் காம்பவுண்டு போட்டுத் தேச்சு எடுக்கலாம். மேட்டுல தேச்ச எடம் மட்டும் மினுங்கி, எண்ணெய்க் கறை மாதிரி நிக்கும். பெயிண்டுன்னா முழு பேனலும் மறுபடி அடிக்கோணும். ராப்புன்னா அந்தத் துண்டையே உரிச்சு மாத்தோணும். நெழல்ல கழுவி உடனே துடைங்க. எங்கூரு வெயிலுக்கு வெள்ளைதான் லாயக்கு.

காங்கேயம் கருப்பன்:
வெள்ளை வண்டின்னா வாடகைக் கார்னு நெனச்சுக்குவாங்க, அதான் உங்களுக்குப் பொறாமை.

ஈரோட்டு மஞ்சள்:
செம்மண்ணு ரோட்டுல கருப்பு எந்தக் கலர்ல இருக்குமுன்னு பாத்துட்டுப் பேசுங்க. வெள்ளை வண்டியைக் கருப்பாக்குனா ஆர்.சி.யிலயும் கலரை மாத்தோணும். மாத்தலைன்னா வண்டியை நிறுத்துனதும் மொதல்ல அதைத்தான் கேப்பாங்க.

காங்கேயம் கருப்பன்:
ஆர்.சி. கதை வேண்டாம். கருப்பு லேசரை முழுங்குமா முழுங்காதா? ஒத்தை வார்த்தையில சொல்லுங்க.

சூலூர் பெயிண்ட் பூத்:
கண்ணுக்குக் கருப்பா இருக்கறதெல்லாம் 905-க்குக் கருப்பில்ல தம்பி. சில கருப்பு நிறமி அகச்சிவப்பைத் திருப்பவே செய்யும். கன்னு வெச்சிருக்கறவரு ரோட்டோரமா வண்டி வர்ற திசைக்கு 20 டிகிரி சாய்வுல நின்னா, நூறு 94-னு கம்மியாத்தான் காட்டும். உங்க ராப்பை விட அந்தச் சாய்வுல லாபம் ஜாஸ்தி. பிளேட்டு?

காங்கேயம் கருப்பன்:
ஆக முழுங்குமுன்னு ஒத்துக்கிட்டீங்க.

சூலூர் பெயிண்ட் பூத்:
எங்கீங்க ஒத்துக்கிட்டேன்? பிளேட்டுக்குப் பதில் சொல்லுங்க மொதல்ல.

பெருந்துறை டீசல்:
செராமிக் சண்டையிலயும் இதே "மொதல்ல"தான்.