கரன்ட் போனால் விஎம்களை ஒழுங்காக அணைப்பது எப்படி?

அம்பை_மில்_சர்வர்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். அம்பாசமுத்திரத்தில் ஒரு அரிசி ஆலை ஆபீஸ் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரே மெஷினில் விஎம்களை (மெஷினுக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகளை) ஓட்டுகிற ப்ராக்ஸ்மாக்ஸ், அதற்குள் டேலி ஓடும் விண்டோஸ் சர்வர் ஒன்று, மரியாடிபி டேட்டாபேஸ் இருக்கிற உபுண்டு லினக்ஸ் ஒன்று, பில்லிங் மென்பொருளுக்கு இன்னொரு உபுண்டு. மாதாந்திர பராமரிப்பு மின்தடை என்றால் முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும், நின்று நிதானமாக அணைத்துவிடலாம். ஐப்பசி மழையில் இடி இடித்து லைன் போகும்போதுதான் பிரச்சினை. ஹோஸ்ட்டுக்கு, அதாவது அந்த நிஜ மெஷினுக்கு, ஷட்டவுன் கொடுத்தால் உபுண்டு இரண்டும் சட்டென்று அணைகின்றன, விண்டோஸ் அசையாமல் நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிடுகிறது, ஆனால் திரும்ப ஏறும்போது ஏன் எதிர்பாராமல் நின்றது என்று காரணம் கேட்கிறது. டேலி டேட்டாவுக்கு ஆபத்தா?

பாளை_லினக்ஸ்:
ஆபத்துதான். ஷட்டவுன் என்பது விஎம்மிடம் அணைந்துகொள் என்று கேட்பது மட்டும்தான். விண்டோஸ் காதில் அது விழவில்லை, 180 விநாடி பார்த்துவிட்டு ப்ராக்ஸ்மாக்ஸ் வலுக்கட்டாயமாக நிறுத்திவிடுகிறது. அது ஓடுகிற மெஷினில் பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம், எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நிற்கும். யாரும் லாகின் செய்யாமல் இருந்தால் பவர் பட்டனை அழுத்தியதுபோல ப்ராக்ஸ்மாக்ஸ் அனுப்பும் ஏசிபிஐ சிக்னலை விண்டோஸ் சர்வர் கண்டுகொள்ளாமல் விடுவதுண்டு. விண்டோஸ் விஎம்முக்கான டிரைவர்கள் வரும் விர்ட்ஐஓ ஐஎஸ்ஓ ஃபைலிலேயே க்யூஇஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட் (விஎம்முக்குள் இருந்து ஹோஸ்ட் சொல்வதைக் கேட்கும் சின்ன மென்பொருள்) இருக்கிறது, அதை விண்டோஸுக்குள் போடுங்கள், அப்புறம் விஎம் ஆப்ஷன்ஸில் ஏஜென்ட்டை ஆன் செய்யுங்கள். வரிசை முக்கியம். உள்ளே ஏஜென்ட் ஓடாமல் வெளியே மட்டும் ஆன் செய்தால் ஷட்டவுன் கட்டளை ஏஜென்ட் வழியாகவே போகும், கேட்க ஆள் இல்லாமல் டைம்அவுட் ஆகும் (காத்திருக்கும் கெடு முடிந்துவிடும்), இப்போது இருப்பதைவிட மோசம். ஆன் செய்தபின் விண்டோஸுக்குள் ரீஸ்டார்ட் கொடுத்தால் போதாது, விஎம்மை முழுசாக அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

குற்றாலச்சாரல்:
மேலே சொன்னது சரி. கூடவே ஸ்டார்ட்/ஷட்டவுன் ஆர்டரையும் போட்டுவிடுங்கள். ஏறுகிற வரிசைக்கு நேர் எதிராகத்தான் அணையும். மரியாடிபிக்கு 1, பில்லிங்குக்கு 2 கொடுத்தால் பில்லிங் முதலில் நிற்கும், டேட்டாபேஸ் அதற்குப் பிறகு. எண்ணே கொடுக்காத விஎம் கடைசியில் ஏறும், முதலில் அணையும். விண்டோஸுக்கு டைம்அவுட்டை 600 விநாடி ஆக்குங்கள். அப்டேட் ஏதாவது காத்திருந்தால் அணையும் நேரத்தில்தான் அது உட்கார்ந்து வேலை பார்க்கும், 180 பத்தாது.

அம்பை_மில்_சர்வர்:
ஏஜென்ட் போட்டாச்சு, இப்போது விண்டோஸ் தானாகவே ஒழுங்காக அணைகிறது, ரொம்ப நன்றி. யுபிஎஸ்ஸிலிருந்து யுஎஸ்பி வயர் வருகிறது, யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் (NUT) மென்பொருள் போட்டிருக்கிறேன். அதில் வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பேட்டை_யுபிஎஸ்:
கட்டாயம். நட் சும்மா இருந்தபடி இருந்தால், பேட்டரி குறைந்துவிட்டது என்று யுபிஎஸ் சொன்ன பிறகுதான் ஷட்டவுனை ஆரம்பிக்கும். நம்ம ஊர் வெயிலில் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும், அந்த எச்சரிக்கை வந்த கையோடு மொத்தமாகவும் போய்விடும். நட்டோடு வரும் யுபிஎஸ்ஷெட் டைமர் வைத்து, கரன்ட் போய் மூன்று நிமிடத்தில் திரும்பாவிட்டால் அணைக்கத் தொடங்கு என்று கொடுங்கள். டைம்அவுட்டை 600 ஆக்கியிருக்கிறீர்கள், ஒன்றன்பின் ஒன்றாக எல்லா விஎம்மும் அணைய ஆகும் நேரத்தை அந்த மூன்று நிமிடத்தோடு கூட்டிப் பாருங்கள், யுபிஎஸ் அதைவிட அதிக நேரம் தாங்க வேண்டும். தாங்காது என்றால் பேட்டரியை மாற்றச் சொல்லி முதலாளியிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேக்கப் எடுத்துவிட்டு மெயினை அணைத்துப் பாருங்கள், பக்கத்திலேயே நின்று.

பாளை_லினக்ஸ்:
நெட்வொர்க் சுவிட்சையும் அதே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். அது போய்விட்டால் பில்லிங்குக்கும் டேலிக்கும் ஆட்கள் போட்டுக்கொண்டிருந்த என்ட்ரி பாதியில் அறுந்துவிடும்.