கிப்ஸ் ஆற்றலுக்குள் சூழல் எங்கே ஒளிந்திருக்கிறது?

நண்பர்களே, கிப்ஸ் கட்டிலா ஆற்றல் (ஒரு மாற்றம் தானாக நடக்குமா என்று காட்டும் அளவு) பாடத்தில் இரண்டு நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். கைகொடுங்கள்.

பனிக்கட்டி உருகும் கணக்குதான். சமன்பாடு: கிப்ஸ் ஆற்றல் மாற்றம் = என்தால்பி (வெப்ப அடக்கம்) மாற்றம் − வெப்பநிலை × என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) மாற்றம். ஒரு மோலுக்கு என்தால்பி மாற்றம் 6.01 கிலோஜூல், என்ட்ரோபி மாற்றம் கெல்வினுக்கு 22 ஜூல். முதல் முறை கிலோஜூலிலிருந்து ஜூலைக் கழித்து மைனஸ் ஆறாயிரம் என்று எழுதிவைத்தேன் (சிரிக்காதீர்கள்). அலகைச் சரிசெய்ததும் 273 கெல்வினில் விடை ஏறத்தாழ சுழி, 283-இல் மைனஸ் 0.2 கிலோஜூல். விடை மைனஸ் என்றால் மாற்றம் தானாக நடக்கும்; ஆக, தானாகவே உருகும். கணக்கு வந்துவிட்டது, காரணம்தான் பிடிபடவில்லை.

மொத்த என்ட்ரோபி கூடவேண்டும் என்கிறது இரண்டாம் விதி. பனிக்கட்டி வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் சூழலின் என்ட்ரோபி குறையத்தானே செய்யும்? சமன்பாட்டிலோ சூழலைப் பற்றிப் பேச்சே இல்லை.

நேற்றிரவு 6010-ஐ 283-ஆல் வகுத்துப் பார்த்தேன், 21.2 வந்தது. சூழல் இழப்பது 21.2, பனிக்கட்டி பெறுவது 22 என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்படியானால் என்தால்பி என்பது சூழலின் கணக்கு மாறுவேடத்தில் வருவதுதானா? அழுத்தம் மாறினாலும் இது பொருந்துமா? சூத்திரத்தை மட்டும் அனுப்பாமல், தெரிந்தவர்கள் படிப்படியாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். சனிக்கிழமை தேர்வு.